கொசு லாட்ஜ்

ஜூலை 9, செவ்வாய்

இந்த டைரி அம்மாவுக்கு வங்கியில் கொடுத்தது. ஆறு மாதமாக அரிசி டின்மேல் சும்மா கிடந்தது. ஜனவரியிலிருந்து இத்தனை வெள்ளைப் பக்கங்களைப் புரட்டினால் நான் நேற்றுதான் பிறந்த மாதிரி இருக்கிறது.

எழுத ஆரம்பித்ததற்குக் காரணம், கையில் போன் இல்லை. யாரும் பிடுங்கவில்லை. போன வாரம் நானே அம்மாவிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். படிப்பில் கவனம் வேண்டும் என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தம்பி கபிலன் நாலாம் வகுப்பு. அக்காவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தான்.

இன்று லூர்து மிஸ் என்னை மேஜைக்குக் கூப்பிட்டார். மங்கை எட்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை, உடம்பு சரியில்லையாம். "செம்மலர், உன் வீடு பக்கத்துத் தெருதானே? தினமும் நோட்ஸ் கொண்டுபோய்க் கொடு" என்றார். சைக்கிள் பஞ்சர் என்றேன். நடந்து போ என்றார். கபடி பிராக்டிஸ் என்றேன். நீ கபடி டீமிலேயே இல்லையே என்றார்.

மங்கையின் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. போன மாதம் பதினோராம் வகுப்பில் எங்களோடு புதிதாகச் சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். கொல்லிமலை டூர் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். யாரோ போட்டோ எடுத்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். மேலே 'கொசு லாட்ஜ், ரூம் காலி' என்று மஞ்சள் எழுத்து. எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம். அந்த ஓரம் போடாவிட்டால் சின்னத் திரையில் மஞ்சள் தெரியாது. யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

போனேன். கொடுத்தேன். வந்தேன்.

ஜூலை 11, வியாழன்

நேற்று எழுதியது சரியில்லை. நேற்று கேட்டில் தொங்கவிட்டு ஓடி வந்துவிட்டேன். இன்று மாட்டிக்கொண்டேன்.

மங்கையின் அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். முன்னறையில் மூன்று பெரிய கிரைண்டர்கள் ஓடுகின்றன. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். யாரும்மா நீ என்று கத்தினார். மங்கையின் கிளாஸ் என்று கத்தினேன். உடனே கிரைண்டரை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் வகுப்பிலிருந்து யாருமே வரவில்லையாம். நான்தான் முதல் ஆளாம்.

மங்கை உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, ஆறு மணிக்குத்தான் வருவாராம். ஒரு கிலோ மாவு கொடுத்து அனுப்பினார் ஆன்ட்டி. வேண்டாம் என்று நாலு தடவை சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

ராத்திரி எங்கள் வீட்டில் இட்லி. பஞ்சு மாதிரி இருந்தது. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அம்மா மறுபடியும் நெற்றியைத் தொட்டாள்.

ஜூலை 15, திங்கள்

மங்கையைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டிருக்கிறாள். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றி மை பூசினாற்போல் கறுப்பு. பொருளியல் நோட்டை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் என்றாள். அவ்வளவுதான்.

அவள் தூங்குவதேயில்லை என்று ஆன்ட்டி வாசலில் மெதுவாகச் சொன்னார். கண்ணை மூடினால் யாரோ எதிரில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதாம். சாப்பிடும்போது அறைக்குள் யாரும் இருக்கக் கூடாதாம், அம்மாகூட. பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் வியாழக்கிழமை வியாழக்கிழமை கூட்டிப் போகிறார்கள். "எவ பெத்த பிள்ளை இதைச் செஞ்சதோ" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏம்மா கலங்குற" என்று என் தலையைத் தடவினார்.

வெயில் ஜாஸ்தி. கண் எரிகிறது.

ஜூலை 16, செவ்வாய்

மதிய இடைவேளையில் வினோலியா தன் போனைக் காட்டினாள். அவள் என் பெஞ்ச், என் உயிர்த்தோழி, எதையும் மறைக்கத் தெரியாதவள். இன்ஸ்டாவில் 'கொசு லாட்ஜ்' என்றே ஒரு பேஜ் ஓடுகிறது. நானூற்றுச் சொச்சம் பேர் பின்தொடர்கிறார்கள். மங்கையின் முகத்தைத் தவளை உடம்பில், குகை வாசலில், குப்பைத் தொட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் எங்கள் பள்ளியே இல்லை. ஒருத்தன், இது செத்துப்போனால் கொசுவெல்லாம் எங்கே தங்கும் என்று கேட்டிருக்கிறான். அதற்கு அறுபது பேர் சிரித்திருக்கிறார்கள்.

பேஜ் நான் இல்லை. சத்தியமாக இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று ஆஸ்பத்திரி நாள் என்பதால் ஆன்ட்டிக்கு வேலை தேங்கிவிட்டது. வாசலில் ஏழெட்டுப் பேர் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு நானும் மாவு கட்ட உட்கார்ந்தேன். கவரில் மாவை ஊற்றி, காற்றை வெளியேற்றி, முறுக்கி, ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்ற வேண்டும். என் முதல் கவர் என் பாவாடையிலேயே கொட்டியது. இரண்டாவது கவர் சுவரில்.

உள்ளறைக் கதவருகே நின்று மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லவேளை, மிச்சம் மூணு சுவர் இருக்கு" என்றாள்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டினாள். வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். முக்கால் கிலோ அக்கா ஒருநாளும் ஒரு கிலோ வாங்கியதில்லையாம். புளிப்பு சார் மாவை மோந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு தினமும் அதையே வாங்கிப் போவாராம். நான் சிரித்த சிரிப்பில் மூன்றாவது கவரும் போயிற்று.

வகுப்பில் நான்தான் காமெடி என்று பெயர். இவள் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். இது எனக்கு முன்னமே தெரியும்.

ஜூலை 22, திங்கள்

இப்போது ஒரு நிமிடத்தில் நாலு கவர் கட்டுகிறேன். மங்கை ஆறு.

கட்டிக்கொண்டிருக்கும்போதே, தலையை நிமிர்த்தாமல், "என்னைப் பார்த்தா உனக்கு அந்த போட்டோ ஞாபகம் வருதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எல்லாருக்கும் வரும்டி. எங்க அப்பாவுக்கே வருது. என்னைப் பார்க்கும்போது ஒரு நொடி வேற பக்கம் பார்த்துட்டுத்தான் பார்க்கிறாரு" என்றாள்.

கபிலனுக்கு அம்மை போட்ட மாதிரி கொப்புளம். வெறும் வேர்க்குருதான் என்று அம்மா சொல்கிறாள். அவன் பள்ளிக்கு லீவு கேட்டு அழுது புரண்டான், கிடைக்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

மத்தியானம் ஒரு மணிக்கே பள்ளி விட்டுவிட்டார்கள், ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம். நேராக மங்கை வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி போய்விட்டு அவர்களும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். வரலாறு நோட்டை அவளுக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். அவள் தலை இரண்டு தடவை சரிந்து, இரண்டு தடவையும் திடுக்கிட்டு நிமிர்ந்தது. பிறகு அவளே கேட்டாள்.

"நீ கொஞ்ச நேரம் வாசற்படியில உக்காந்திருக்கியா? யாரும் உள்ள வராம பாத்துக்கிறியா?"

"தூங்கப் போறியா?"

"நீ இருந்தா வரும்னு தோணுது."

நான் அறை வாசற்படியில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் மாறியது. ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் போய் மூன்று கிரைண்டர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அரைபட வேண்டிய உளுந்து அப்படியே கிடந்தது. மாவு வாங்க வந்தவர்களை வாசலிலேயே விரலைக் காட்டித் திருப்பி அனுப்பினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது நிமிடம் தூங்கினாள். கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

நான்தான்.

ஜூலை 27, சனி

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் பேனா நகரவில்லை. இன்று முழுவதும் எழுதிவிடுகிறேன்.

கொல்லிமலை அருவிக்கு ஆயிரம் படி இறங்கி ஏறினோம். மேலே வந்ததும் பி.டி. சார் தலைகளை எண்ண ஆரம்பித்தார். அதுவரை வாயே திறக்காத மங்கை, "சார், தலையை அப்புறம் எண்ணலாம், முதல்ல காலை எண்ணுங்க, எனக்கு ரெண்டும் இருக்கான்னு சந்தேகமா இருக்கு" என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. சாரே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நான் ஒரு ஜோக் சொல்லியிருந்தேன். வினோலியா மட்டும் சிரித்தாள், அதுவும் எனக்காக.

திரும்பும்போது எனக்குப் பின்சீட்டில்தான் மங்கை. திரும்பிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். எடுத்தேன். பத்து நிமிடத்தில் ஸ்டிக்கர் தயார். வேறொரு எண்ணிலிருந்து (அம்மாவின் பழைய சிம்) மூன்று குரூப்பில் போட்டேன். பஸ் முழுக்க ஒவ்வொரு சீட்டாகச் சிரிப்பு கிளம்பியதைக் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை, எழுதித்தான் ஆக வேண்டும். துறையூர் வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

அம்மாவிடம் காலையில் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பீரோவிலிருந்து போனை எடுத்து, அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று போய்ப் பார்த்தாள். அடுப்பில் பாலே இல்லை. லெட்டர் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாளைக்குப் போய் அவள் முகத்துக்கு நேராகச் சொல் என்றாள். கூட வருகிறாயா என்றேன். தெருமுனை வரைக்கும் என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா தெருமுனையில் வெயிலில் நின்றாள். நான் மட்டும் போனேன். ஆன்ட்டி கடைக்குப் போயிருந்தார். மங்கை ரப்பர் பேண்ட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த போட்டோவை எடுத்தது நான். ஸ்டிக்கர் பண்ணினதும் நான்" என்றேன்.

அவள் ஒரு ரப்பர் பேண்டை விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"எதுக்கு?"

"மலையில எல்லாரும் உன் ஜோக்குக்குச் சிரிச்சாங்க."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

விரல் நுனி சிவந்துவிட்டது. "வியாழக்கிழமை உன்னை வாசல்ல உக்கார வச்சிட்டுத் தூங்கினேன். அன்னைக்கும் எடுத்தியா?"

"இல்ல மங்கை. போன் அம்மாகிட்ட பூட்டி இருக்கு."

"போன் இருந்திருந்தா?"

இல்லை என்றுதான் சொன்னேன். அது நிஜம். ஆனால் அதை அவள் எப்படி நம்புவாள்? போ என்றாள். வந்துவிட்டேன். தெருமுனையில் அம்மா என் பையை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 29, திங்கள்

லூர்து மிஸ்ஸிடமும் சொன்னேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி என்னைப் பார்த்தார், கண்ணாடி மாற்ற வேண்டும்போல. நோட்ஸ் கொண்டுபோகிற வேலை உனக்குத் தண்டனையாக இருந்ததா என்று கேட்டார். முதலில் என்றேன்.

ஜூலை 31, புதன்

தலைமையாசிரியர் அறை. என் அம்மா, மங்கையின் அம்மா அப்பா, மிஸ். எனக்கு ஒரு வாரம் பள்ளிக்கு வரத் தடை. சுதந்திர தினத்துக்கு நான்தான் மைக்கில் தொகுத்துப் பேசுவதாக இருந்தது, அதுவும் இல்லை. பேஜ் விஷயமாகப் பள்ளியே சைபர் கிரைமில் புகார் கொடுக்கிறது. அங்கிள் எனக்கு எதிராகத் தனியாகப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. மகள் வேண்டாம் என்று சொன்னாளாம்.

என் அம்மா மன்னிப்புக் கேட்டபோது அங்கிள் தலையாட்டினார். ஆன்ட்டி ஆட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "என் வீட்டுல உக்காந்து மாவு கட்டுனியேம்மா."

இதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக் கரையில். எங்கள் வீட்டில் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். கபிலன் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து நாலாவது ஒன்றைக் கண்டுபிடித்தான். அதை அவனாலேயே சாப்பிட முடியவில்லை.

மத்தியானம் வினோலியா வந்தாள். இப்போது நோட்ஸ் கொண்டுபோகிறவள் அவள். என் பொருளியல் நோட்டை மங்கை திருப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு துண்டுத் தாள். 'எந்தெந்த குரூப்பில் போட்டாயோ அங்கெல்லாம் உன் பெயரில் சொல். ஸாரி எல்லாம் வேண்டாம். செய்தது நான் என்று மட்டும் சொல்.'

அம்மாவிடம் போனை வாங்கினேன். மூன்று குரூப்பிலும் என் எண்ணிலிருந்தே போட்டேன். 'மங்கையர்க்கரசியின் படத்தை எடுத்து ஸ்டிக்கர் செய்தது நான். செம்மலர், 11 பி.' ஒவ்வொரு தடவையும் அனுப்பும் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எழுதப்போவதில்லை. கபிலன் அதற்குள் இரண்டு தடவை ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பேஜ் எடுக்கப்பட்டுவிட்டது. வேறு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் நடத்தியதாம். போலீஸ் அவர்கள் வீட்டாரைக் கூப்பிட்டு எச்சரித்ததாக மிஸ் அம்மாவிடம் சொன்னார்.

எனக்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. என் தலையில் கொசுவின் கொம்பு, 'லாட்ஜ் ஓனர்' என்று எழுத்து. சுமாரான வேலை. எழுத்துக்கு ஓரம் போடவில்லை. இதுவரை பதினெட்டு விதம். எண்ணுவதற்கு வேறு வேலை இல்லை, அதனால் எண்ணினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். நான் போனதும் யாரோ கொசு மாதிரி ஙொய்ங் என்றார்கள். நன்றாகவே செய்தார்கள். இப்போதெல்லாம் காலை நாலு மணிக்கே தானாக விழிப்பு வந்துவிடுகிறது, படிக்க வசதி. மதியச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன், டயட்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மங்கை வந்தாள். மாஸ்க்கோடு. முதல் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசியில், சுவரில் முதுகு சாய்கிற இடத்தில் உட்கார்ந்தாள். வினோலியா என்னைப் பார்த்தாள். போ என்று கண்ணைக் காட்டினேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு மங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாவது பீரியடில் பின்பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம். மங்கை என்ன சொன்னாளோ, வினோலியா மேஜையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள். எனக்குக் கேட்கவில்லை. இந்தத் தடவை பொறாமையாக இல்லை. கேட்கவில்லையே என்றுதான் இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டாள். தயிர்சாதம், மாவடு. ஒருத்தன் ஙொய்ங் என்று ஆரம்பித்தான், என்னைப் பார்த்துத்தான். மங்கை கரண்டியைக் கீழே வைத்து, "கொசுவத்தி வேணுமாடா?" என்று அமைதியாகக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். அதற்குப் பிறகு யாரும் ஙொய்ங் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் மங்கை என் பெஞ்சுக்கு வந்து நின்றாள். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் நேராகப் பேசுகிறாள்.

"அஞ்சு நாளா பாக்கிறேன். டிபன் பாக்ஸை நீ திறக்கவேயில்ல."

"டயட்."

"நாலு மணிக்கு எந்திரிக்கிறியாமே. வினோலியா சொன்னா. படிக்கிறியா, சும்மா முழிச்சுக்கிட்டுக் கிடக்கிறியா?"

டைரியில் எழுதின பொய்யை அவளிடம் சொல்ல முடியவில்லை. சும்மா என்றேன்.

அவள் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். எலுமிச்சைச் சாதம். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்றாள். "வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். உங்க அம்மாவைக் கூட்டிட்டு நீயும் வா. அந்த டாக்டர் நல்லாக் கேட்பாங்க. நடுவுல போனைப் பாக்க மாட்டாங்க."

ஆகஸ்ட் 22, வியாழன்

நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஆன்ட்டி என்னிடம் பேசவில்லை. ஆனால் என் அம்மாவிடம், பழைய அரிசி என்றால் உளுந்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பாடம் எடுத்தார். இறங்கும்போது கூட்டத்தில் நான் தடுமாறினேன். என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டு, உடனே கையை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நீளமான வரிசை. அம்மாக்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் மங்கையும் சீட்டு வாங்க நின்றோம். அவள் பழைய சீட்டு வைத்திருந்தாள். எனக்குப் புதுசு போட வேண்டும். நர்ஸ் என் பெயர், வயது, தெரு எல்லாம் எழுதினார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். மங்கையைக் காட்டினேன்.

நர்ஸ் நிமிர்ந்து மங்கையைப் பார்த்தார். அவளை அவருக்குப் பழக்கம்போல. "இது யாரு, உன் ஃபிரெண்டா?"

மங்கை என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

"இன்னும் முடிவு பண்ணல சிஸ்டர்" என்றாள். "இப்போதைக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு எழுதிக்கங்க."

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.